பதினான்காவது மாதிரி

கூரியர் உறையைக் கிழித்த வேகத்தில் உள்ளே இருந்த காகிதமும் ஓரத்தில் கிழிந்தது. ஏசுவடியான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரு தடவை படித்தார். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இன்னொரு தடவை படித்தார்.

"ஏளா ஷெர்லி! இங்கன வா."

ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகள் பாதிப் பின்னலைக் கையில் பிடித்தபடியே வந்தாள்.

"மொதத் தடவ நீதான் குச்சியெல்லாம் கவர்ல போட்டு அனுப்புன. ஒன் வாயில தேய்ச்ச குச்சியத் தெரியாமப் போட்டுட்டன்னு நெனச்சு வாய்க்கு வந்தபடி ஏசுனேன். இந்தத் தடவ நானே ஒன் புருஷன் கன்னத்துல தேய்ச்சு, நானே ஒட்டி, நானே அனுப்புனேன். அதே பதில்தான் வந்திருக்கு."

"என்ன பதில் மாமா?"

"ஒய் இல்லையாம்."

அவர் சொன்ன விதத்தில், வீட்டிலிருந்து யாரோ எதையோ திருடிப் போய்விட்டது போலிருந்தது.

ஏசுவடியான் முப்பத்தோரு வருஷம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தூத்துக்குடி மில்லர்புரத்தில் வீடு. பூர்வீகம் நாசரேத். அவருடைய குடும்பத்தின் முதல் கிறிஸ்தவர் உடன்குடிப் பக்கம் பனையேறிய மாசானம் என்பவர். ஆயிரத்து எண்ணூற்று இருபத்தைந்தில் ஞானஸ்நானம் எடுத்துத் தேவமணி ஆனார். இந்த வருஷம் இருநூறு முடிகிறது. நாசரேத்தில் குடும்பக் கூடுகை, ஆராதனை, எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து உண்ணும் அசனம். அத்தோடு குடும்ப வரலாற்றுப் புத்தக வெளியீடு.

அந்தப் பக்கத்தில் வரலாற்றுப் புத்தகம் போடாத குடும்பம் கிடையாது. அதனால் ஏசுவடியான் மற்றவர்கள் போடாத ஒன்றைப் போட நினைத்தார். அறிவியல் அத்தியாயம். "மத்த குரோமோசோம் எல்லாம் ஒவ்வொரு தலைமுறையிலயும் வெட்டி ஒட்டிக் கலந்து போவும். ஒய் மட்டும் அப்பன்கிட்ட இருந்து மவனுக்கு அப்படியே போவும். மாசானம் தாத்தாவோட ஒய்யைத்தான் நாம எல்லாரும் சுமக்கோம்." குடும்பத்தின் ஆண்கள் பதினான்கு பேரை உட்கார வைத்து, கன்னத்தின் உள்ளே பஞ்சுக் குச்சியால் தேய்த்து, ஷெர்லியை விட்டுச் சென்னை லேபுக்கு அனுப்ப வைத்தார்.

பதின்மூன்று பேருக்கும் ஒரே எண் வரிசை வந்தது. பதினான்காவது மாதிரி அவருடைய ஒரே மகன் ஜெர்சனுடையது. அதில் எண்களே இல்லை.

"லேப்காரன் எழுதியிருக்கான் பாரு. மாதிரி பெண்ணுடையதாகத் தெரிகிறதாம். ஆறடி ஒசரத்துல, மீசையோட, துறைமுகத்துல கிரேன் ஓட்டுதவன் பொம்பளையாம்!" காகிதத்தை மேசையில் அடித்தார். "வெளிய மூச்சு விடாத. புத்தகத்துல பதிமூணு பேருன்னு போட்டுக்கிடுதேன்."

மேசையில் புத்தகத்தின் அச்சுப்படி கிடந்தது. ஷெர்லியின் கண் எந்தப் பக்கத்துக்குப் போகுமோ அந்தப் பக்கத்துக்கே போனது.

ஏழாம் தலைமுறை. ஜெர்சன், துறைமுகக் கிரேன் ஆபரேட்டர். மனைவி ஷெர்லி, சாத்தான்குளம். மனைவிக்குப் பிள்ளைப்பேறு இல்லை.

கடைசி வரி. நான்கு நாட்களாக அவள் கேட்டுக்கொண்டிருப்பது அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லித்தான். புத்தகத்தில் இருப்பது மட்டுமென்றால்கூடப் பல்லைக் கடித்துக்கொள்வாள். கூடுகை அன்று பந்தலில் முழுப் புத்தகத்தையும் தலைமுறை தலைமுறையாக மைக்கில் வாசிப்பார்கள். பெயர் வரும்போது அந்தந்தக் குடும்பம் எழுந்து நிற்க வேண்டும்.

"மாமா, அந்த வரி..."

"இருக்கதைத்தானளா எழுதியிருக்கு? எங்க வம்சத்துல ஆம்பளைக்குக் குறைன்னு சரித்திரமே கிடையாது."

ஏழு வருஷமாக அவள் கேட்ட வாக்கியம். அன்றைக்கு முதல் தடவையாக, அந்த வாக்கியத்துக்குக் கீழே கிழிந்த காகிதம் ஒன்று கிடந்தது.

ஷெர்லி ஷிப்பிங் ஏஜென்சியில் ஆவணங்கள் சரிபார்க்கிறவள். ஒரே சரக்குக்கு இரண்டு முறை ஒரே பதில் வந்தால் தப்பு ஆவணத்தில் இல்லை, பெட்டிக்குள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த மதியமே புருஷனைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஏழு வருஷமாக "எனக்கு எதுக்குளா டெஸ்ட்டு?" என்று தட்டிக்கழித்த ஜெர்சன், பெண் என்று எழுதிய காகிதத்துக்குப் பயந்து ரத்தம் கொடுத்தான்.

முடிவு வர மூன்று வாரம். அதற்குள் அச்சுப்படி இரண்டு தடவை அச்சகத்துக்குப் போய்த் திரும்பியது. அந்த வரி அசையவில்லை.

டாக்டர் பேச்சிச்செல்வி சுற்றி வளைக்கிறவர் இல்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஜெர்சன், உங்க குரோமோசோம் எக்ஸ் எக்ஸ். சாதாரணமா பொம்பளைங்களுக்கு இருக்கறது."

ஜெர்சன் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணிப் போயிற்று. "அப்ப நான் யாரு மேடம்?"

"ஆம்பளைதான். அதுல சந்தேகமே வேண்டாம். சொல்றதைக் கேளுங்க." டாக்டர் மருந்துச்சீட்டைத் திருப்பி, சிவப்புப் பேனாவில் ஒரு கோடும் நீலத்தில் ஒரு கோடும் அடுத்தடுத்துப் போட்டார். "ஒரு ஆம்பளை உடம்புல விந்தணு உருவாகும்போது, அவனுக்கு அப்பா குடுத்த குரோமோசோமும் அம்மா குடுத்த குரோமோசோமும் ஜோடி ஜோடியா ஒட்டி நிக்கும். ரெண்டும் ஒரே இடத்துல அறுந்து, துண்டை மாத்திக்கிட்டு மறுபடி ஒட்டிக்கும். அதனாலதான் ஒவ்வொரு விந்தணுவும் ஒரு புதுக் கலவை. ஒரு வயித்துல பிறந்த அண்ணன் தம்பி ஒரே மாதிரி இல்லாததுக்கு இதுவும் காரணம்."

"இதெல்லாம் அப்பா சொல்லியிருக்காங்க."

"இதைச் சொல்லியிருக்க மாட்டாரு. இருபத்திரண்டு ஜோடி தாராளமா மாத்திக்கும். எக்ஸும் ஒய்யும் அப்படி இல்ல. ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. நுனியில மட்டும்தான் ரெண்டும் ஒத்துப்போகும். அந்த நுனிக்குள்ளதான் அறுந்து ஒட்டணும். நுனி முடியற எல்லைக்கு அந்தப் பக்கம், ஒய் மேல ஒரு ஜீன் இருக்கு. எஸ்.ஆர்.ஒய்னு பேரு. கருவுல இருக்கற பிள்ளைகிட்ட 'நீ ஆணாகு'ன்னு உத்தரவு போடறது அது." நீலக் கோட்டின் தலையில் ஒரு புள்ளி வைத்தார். "எப்பவாச்சும் வெட்டு எல்லையைத் தாண்டி விழுந்துரும். அப்ப அந்த ஜீன் எக்ஸ் மேல ஏறிக்கும். அந்த எக்ஸைச் சுமந்த விந்தணுலதான் நீங்க உருவானீங்க. ஏறத்தாழ இருபதாயிரம் ஆம்பளைங்கள்ல ஒருத்தருக்கு இப்படி."

"அப்ப வெட்டு விழுந்தது..." ஷெர்லி நிறுத்தினாள்.

"உங்க மாமனார் உடம்புல. அவர் தப்பு இல்ல, யார் தப்பும் இல்ல. ஆனா விந்தணு உண்டாக்கற ஜீன்கள் ஒய்யோட மீதி நீளத்துல இருக்கு. அது ஜெர்சனுக்கு வரல. அதனால இவருக்கு விந்தணு உருவாகாது. எந்த மருந்தாலயும்." டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "இதுக்கு முன்னாடி எங்கயாவது விந்து டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல மேடம்" என்றான் ஜெர்சன். அதைச் சொல்ல ஒரு கணம் கூடுதலாக எடுத்துக்கொண்டான்.

"என்கிட்ட ஏதாவது குறை இருக்கா?" என்றாள் ஷெர்லி.

"உங்ககிட்ட ஒண்ணும் இல்லம்மா. எப்பவும் இருந்ததில்ல."

ஏழு வருஷத்தில் இரண்டு தடவை அவள் வயிற்றைத் துளைத்துப் பார்த்திருந்தார்கள். தொடையில் ஊசி போட இடம் தேடி நர்ஸ் சலித்துக்கொண்டிருக்கிறாள். உபவாசக் கூட்டத்தில் முன்வரிசையில் முழங்காலில் நிற்க வைத்து எண்ணெய் பூசினார்கள். ஷெர்லி அழவில்லை. சீட்டிலிருந்த சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து பைக்கை எடுத்தபோது ஜெர்சன் திரும்பாமலே சொன்னான். "அப்பாட்ட சொல்லாதளா."

"வெள்ளிக்கிழம புத்தகம் அச்சுக்குப் போவுது அத்தான். எனக்கு அந்த ஒரு வரி போகணும். ஒங்க பேரைக் கெடுத்து எதுவும் எழுத வேண்டாம். எம்மேல இருக்கதை எடுத்தாப் போதும்."

"நான் பாத்துக்கிடுதேன்."

புதன் போயிற்று. வியாழன் மதியம் வரை அவன் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. அன்று அவனுக்குப் பகல் ஷிப்ட். ஷெர்லி அரைநாள் லீவு போட்டு வந்து, மருத்துவ அறிக்கையை மாமனாரின் முன்னால் வைத்தாள்.

ஏசுவடியான் முதல் வரியைப் படித்தார். "எக்ஸ் எக்ஸ்னா பொம்பளை. இது பத்தாங்கிளாஸ் பாடம். எவன்ளா இதை..."

"ரெண்டாவது பக்கத்தைப் பாருங்க மாமா."

பார்த்தார். எக்ஸ் மேல் எஸ்.ஆர்.ஒய். அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அச்சுப்படியின் பின்பக்கத்தில் ஒரு நெட்டைக் கோடும் ஒரு குட்டைக் கோடும் வரைந்தார். நுனியில் ஒரு வெட்டு. அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு வெட்டு. பேனா அங்கேயே நின்றது.

"குன்றல் பிரிவு, குறுக்கேற்றம். முப்பத்தோரு வருஷம் கலர் சாக்பீஸ்ல வரைஞ்சேன்." அறிக்கையை மடித்தார். "எக்ஸ் ஒய் வந்தா மட்டும், 'இது ரெண்டும் மாத்திக்கிடாது, அடுத்த பாடத்துக்குப் போவோம்'னு தாண்டிருவேன். பரீட்சைக்கு வராதுல்லா."

இரண்டாவது வெட்டை விரலால் தொட்டார்.

"அவன்ட்ட தாத்தாவோட ஒய் இல்ல. ஆனா தாத்தாவோட ஒரு துண்டு இருக்கு. ஏடாகூடமான எடத்துல இருக்கு. ஏத்துனது நான்."

"யாரு ஏத்துனா என்ன மாமா. எனக்கு அந்த வரி."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சிவப்பு மைப் பேனாவை எடுத்து, 'மனைவிக்குப் பிள்ளைப்பேறு இல்லை' என்பதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். காகிதம் அழுந்திக் குழிந்தது.

"அடிச்சாச்சு. போதுமா?"

மன்னிப்பு என்ற வார்த்தை அந்த மனிதரின் வாயில் வராது. ஷெர்லி அதை எதிர்பார்க்கவுமில்லை. கோடு போதும்.

மறுநாள் காலையில் ஷிப்டுக்குப் போகிற வழியில் ஜெர்சன்தான் அச்சுப்படியை அச்சகத்தில் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை. நாசரேத்தில் வெயில் பந்தல் துணியைத் தாண்டி உள்ளே இறங்கியது. பின்னால் அண்டாக்களில் ஆட்டுக்கறி கொதித்தது. பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்தவர்கள் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டுக் கேட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஜெர்சனின் சித்தப்பா மகன் ஷாம், அட்டைப்பெட்டியை உடைத்துப் புத்தகம் விநியோகித்தான்.

"மதினி, ஒங்க பங்கு. மை வாசம் கூடப் போகல பாருங்க."

ஷெர்லி ஏழாம் தலைமுறையைத் திருப்பினாள்.

மனைவிக்குப் பிள்ளைப்பேறு இல்லை.

காதுக்குள் கொதிக்கிற அண்டாவின் சத்தம் மட்டும் கேட்டது. நேராக மேடைக்குப் பின்னால் போனாள். ஏசுவடியான் ஜிப்பா மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஜெர்சன்.

"மாமா, ஒரு கோடு இழுத்துக் காட்டி என்னைய ஏமாத்திட்டீங்கள்லா?"

"என்னளா சொல்லுத?" புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நான் அடிச்சேன். ஒன் முன்னாலதான அடிச்சேன்! அச்சகத்துக்காரன்..."

அவர் பேச்சு நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜெர்சனைப் பார்த்தார்கள்.

அவன் செருப்பைப் பார்த்தான்.

"ஏலே, நீயா?"

"அந்த வரியை எடுத்துட்டா ஆளாளுக்குக் கேப்பாங்கப்பா. அப்ப யாருக்குக் குறைன்னு கேப்பாங்க. அச்சகத்துல 'அடிச்சது தப்பு, பழையபடியே போடுங்க'ன்னு சொல்லிட்டேன்."

"அத்தான், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"என்ன கேக்க?" அவன் குரல் எழும்பி, பந்தல் பக்கம் பார்த்துவிட்டு அடங்கியது. "ஏளா, புரிஞ்சுக்கோ. ஒனக்கு இது ஏழு வருஷமாப் பழகிப்போச்சு. ஒரு சொல்லு கூடுனாலும் ஒண்ணுதான், கொறைஞ்சாலும் ஒண்ணுதான். எனக்கு அப்படியா? கிரேன்ல இருந்து எறங்குனா கீழ இருவது பேரு நிக்கான். எவனாவது 'என்ன மாப்ளே'ன்னு சிரிச்சா நான் எங்க போயி விழ? எனக்கு இப்பதான தெரியும்?"

"இப்பதானா?"

ஆவணத்தில் ஒரு தேதி இடறினால் அவள் விரல் தானாக அங்கே நின்றுவிடும். டாக்டர் கேட்ட கேள்வியும் அவன் பதிலுக்கு எடுத்துக்கொண்ட அந்தக் கூடுதல் கணமும் இப்போது அப்படி நின்றன.

"அத்தான், இதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுனீங்களா?"

அவன் மேடைப் பக்கம் திரும்பினான்.

"ஜெர்சன்!" பெயர் சொல்லி அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல. மதுரையில. ஜீரோன்னு வந்துச்சு." மறுபடி செருப்பைப் பார்த்தான். "லேப்ல தப்பா இருக்கும்னு நெனச்சேன். பொறவு, நீயும் டாக்டர்ட்ட போயிக்கிட்டுத்தான இருந்த. ஒருவேள ஒனக்கும் ஏதாவது இருந்தா..."

"எனக்கும் ஏதாவது இருந்தா நல்லா இருக்கும்னு காத்துக்கிட்டிருந்தீங்களா?"

ஆறு வருஷம். ஊசி போட்ட இடத்தில் ஐஸ் வைத்துத் தேய்த்துவிட்ட கை இந்தக் கைதான். இரண்டாம் தடவை வயிற்றைத் துளைத்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணியவனும் இவன்தான். பார்த்த நர்ஸுகள் "குடுத்து வச்சவங்க நீங்க" என்றார்கள். என்ன ஜெபம் பண்ணினான் என்று இப்போதுதான் தெரிகிறது.

மேடையில் மைக் இரைந்தது. "தலைமுறை வாசிப்பு. சார் வரலாம்."

ஷெர்லி மாமனாரின் வழியில் நின்றாள். "மாமா, புத்தகத்துல போனது போவட்டும். நீங்க வாசிக்கையில அந்த வரியை மட்டும் விட்டுருங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

ஏசுவடியான் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். தலையாட்டியது போலவும் இருந்தது, ஆட்டாதது போலவும் இருந்தது.

மேடை ஏறினார்.

முதல் தலைமுறை. மாசானம் என்ற தேவமணி. இரண்டாம் தலைமுறை. பெயர்கள் விழ விழக் குடும்பங்கள் எழுந்து, சேலையைச் சரிசெய்து, சிரித்து, உட்கார்ந்தன. சின்னப்பிள்ளைகள் தங்கள் பெயரைக் கேட்டுக் குதித்தார்கள். ஷெர்லி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் ஜெர்சன்.

"ஏழாம் தலைமுறை. ஜெர்சன், துறைமுகக் கிரேன் ஆபரேட்டர்."

ஜெர்சன் எழுந்தான்.

"மனைவி ஷெர்லி, சாத்தான்குளம்."

ஷெர்லி எழுந்தாள்.

ஏசுவடியான் நிறுத்தினார்.

பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருமகளைப் பார்த்தார். அவள் இமைக்கவில்லை. பிறகு மகனைப் பார்த்தார். ஜெர்சனின் உதடு "அப்பா" என்று சத்தமில்லாமல் அசைந்தது. ஆறடி உடம்பு, சாயங்காலம் பள்ளி வாசலில் கூட்டிப்போக ஆள் வராத பிள்ளையைப் போல நின்றது.

முன்வரிசைக் கிழவர் ஒருவர் குரல் கொடுத்தார். "வாசியும்வே! கறி ஆறுதுல்லா!"

பந்தல் சிரித்தது.

"மனைவிக்கு..." ஏசுவடியான் தொண்டையைச் செருமிக்கொண்டார். வகுப்பில் பாடம் நடத்திய அதே தெளிவோடு, ஒரு எழுத்தும் விடாமல் வாசித்தார். "மனைவிக்குப் பிள்ளைப்பேறு இல்லை."

பின்வரிசைகளிலிருந்து 'ச்சொ' சத்தம் எழுந்தது. போதகர் நல்ல மனிதர். சும்மா இருக்கத் தெரியாத நல்ல மனிதர். எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினார். "நம்ம சகோதரி ஷெர்லிக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் கண்களை மூடுவோம். ஆண்டவரே, இந்த மகளின் கர்ப்பத்தைத் திறந்தருளும்..."

அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள். ஜெர்சனும் மூடினான். எல்லோரையும் விடச் சத்தமாக ஆமென் சொன்னது அவன்தான்.

ஷெர்லி கண்ணை மூடவில்லை. மேடையில் இன்னொரு ஜோடிக் கண்களும் மூடாமல் இருந்தன. அவை அவளைப் பார்த்தன, புத்தகத்துக்குள் தாழ்ந்தன, பிறகு எழவேயில்லை.

ஜெபம் முடிவதற்குள் அவள் வரிசையை விட்டு வெளியே வந்திருந்தாள்.

தூத்துக்குடி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. பஸ் கிளம்புவதற்கு முன்பே போன் அதிர ஆரம்பித்தது. இருநூறாவது ஆண்டுக்காக ஷாம் தொடங்கிய குடும்ப வாட்ஸ்அப் குழு. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அசனப் பந்தி படங்கள், சிரிக்கிற முகங்கள். நடுவில் யாரோ ஒரு அத்தை கைகூப்பிய பொம்மையோடு போட்டிருந்தாள்: 'ஷெர்லிக்காகத் தொடர்ந்து ஜெபிப்போம். மனசு ஒடிஞ்சு சாப்பிடாமப் போயிட்டா பாவம்.'

டாக்டர் அனுப்பிய அறிக்கை அதே போனில் இருந்தது. அனுப்ப இரண்டு தொடுதல். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பந்தியிலேயே படித்துவிடுவார்கள்.

கோப்பைத் தேர்ந்தெடுத்தாள். கட்டைவிரல் அம்புக்குறியின் மேல் நின்றது.

எக்ஸ் எக்ஸ் என்பதைப் பார்த்த உடனே அவர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவன் பயந்த அதே சிரிப்பு. பிறப்பதற்கு முன்னால் அவனுக்கு நேர்ந்த ஒன்றைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்கு அவன் பொறுப்பில்லை. ஆறு வருஷம் அவன் தெரிந்தே செய்ததற்குத்தான் பொறுப்பு. அதைப் பற்றி இந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

அவளைக் காப்பாற்றக் கூடிய ஒரே காகிதம், தப்பான குற்றத்துக்கு அவனைத் தூக்கில் போடும் காகிதமாக இருந்தது.

அனுப்பாமலே அந்தக் கோப்பை நீக்கினாள். போன் மறுபடி அதிர்ந்தது. ஜெர்சன். மூன்று தடவை அடித்து நின்றது. பிறகு ஒரு செய்தி: 'எங்க இருக்க? சித்தி எல்லாம் ஒன்னயத் தேடுதாங்க. ஜெபத்துக்கு நன்றி சொல்லாமப் போயிட்டன்னு ஒரு மாதிரிப் பேசுதாங்க.'

ஷெர்லி குழுவைத் திறந்து, வெளியேறு என்பதை அழுத்தினாள். ஜெர்சனின் எண்ணைத் தடுத்தாள்.

"டிக்கெட் எங்கம்மா?" கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

மில்லர்புரத்தில் அவளுடைய துணிமணியும் சான்றிதழ்களும் இருந்தன. அவர்கள் அசனம் முடித்து வர எப்படியும் நான்கு மணியாகும்.

"தூத்துக்குடி ஒண்ணு" என்றாள். "மூணு மணிக்குள்ள போயிருமா அண்ணாச்சி?"